டாக்டர் நோயாளியைப் பார்ப்பார், இவர் ஊரையே பார்ப்பார்! எபிடெமியாலஜிஸ்ட் என்ன வேலை செய்கிறார்?

பிகார் மாநிலம் முசாஃபர்பூர். லிச்சி பழத்துக்குப் பெயர் போன மாவட்டம். ஆனால் 1995-ஆம் ஆண்டு முதல் அந்த ஊருக்கு இன்னொரு பெயரும் சேர்ந்துகொண்டது. மே, ஜூன் மாதம் வந்தால் குழந்தைகள் திடீர் திடீரென இறந்துபோகும் ஊர்.

முந்தின நாள் வரை ஓடி விளையாடிய குழந்தை, ராத்திரி படுக்கும், விடியற்காலையில் வலிப்பு வரும். சிறிது நேரத்தில் நினைவு தப்பும். மருத்துவமனைக்குக் கொண்டுபோன பிறகும் பல குழந்தைகள் பிழைக்கவில்லை. மழை தொடங்கியதும் நோய் தானாக அடங்கிவிடும். அடுத்த கோடையில் மறுபடியும் வரும்.

உள்ளூர் மக்கள் இதை 'சம்கி புகார்' என்று அழைத்தார்கள். மூளைக்காய்ச்சலா? வெயில் தாக்கமா? பூச்சிமருந்தா? ஏதாவது புது வைரஸா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பரிசோதனைக் கூடங்களில் வைரஸைத் தேடித் தேடி ஒன்றும் கிடைக்கவில்லை.

கடைசியில் விஷயம் பிடிபட உதவியது ரொம்ப சாதாரணமான இரண்டு கேள்விகள். 'குழந்தை நேற்று என்ன சாப்பிட்டது?' 'ராத்திரி சோறு சாப்பிட்டதா?'

இந்தக் கேள்விகளை யாரிடம் கேட்கணும், எத்தனை பேரிடம் கேட்கணும், வரும் பதிலை வைத்து எப்படிக் கணக்குப் போடணும் என்பதுதான் எபிடெமியாலஜிஸ்ட்டின் வேலை. தமிழில் தொற்றுநோயியல் நிபுணர்.

கொரோனா காலத்தில் டிவி விவாதங்களில் இந்த வார்த்தையை அடிக்கடி கேட்டிருப்பீர்கள். ஆனால் உண்மையில் இவர்கள் என்னதான் செய்கிறார்கள்? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த எபிடெமியாலஜிஸ்ட்?

உங்களுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போவீர்கள். அவர் உங்களைப் பரிசோதித்து மருந்து எழுதிக் கொடுப்பார். அவருக்கு நோயாளி நீங்கள் ஒருவர்தான்.

உங்கள் தெருவில் ஒரே வாரத்தில் 15 பேருக்குக் காய்ச்சல் என்றால்? ஒவ்வொருவருக்கும் வைத்தியம் பார்க்க டாக்டர் வேண்டும். அதே நேரத்தில், 'ஏன் இந்தத் தெருவில் மட்டும்? ஏன் இந்த வாரம்? அடுத்த தெருவுக்குப் போகாமல் எப்படித் தடுப்பது?' என்று யோசிக்கவும் ஒருவர் வேண்டும். அவர்தான் எபிடெமியாலஜிஸ்ட். அவருக்கு நோயாளி உங்கள் தெரு.

வைரஸ் நிபுணரும் இவரும் ஒன்றா? இல்லை. வைரஸ் நிபுணர் கிருமியை ஆராய்வார். எபிடெமியாலஜிஸ்ட் அந்தக் கிருமி மக்களிடையே எப்படிப் பரவுகிறது என்று ஆராய்வார். இரண்டு பேரும் சேர்ந்து வேலை செய்தால்தான் படம் முழுமையாகும்.

பெயரைப் பற்றியும் ஒரு விஷயம். 'எபிடெமியாலஜி' என்ற சொல்லின் கிரேக்க வேரில் 'மக்கள் மேல்' என்ற பொருள் இருக்கிறது. மக்கள் மேல் வந்து விழுவதைப் பற்றிய படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். தமிழில் 'தொற்றுநோயியல்' என்று சொல்வதால் தொற்றுநோய் மட்டும்தான் என்று நினைத்துவிடக்கூடாது. புற்றுநோய், மாரடைப்பு, சர்க்கரை நோய், சாலை விபத்து, தற்கொலை எல்லாமே இவர்களின் கணக்கில் வரும். அதனால் சிலர் 'நோய்ப்பரவலியல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள்.

நோய் பரவுது என்று தகவல் வந்தால் முதலில் என்ன செய்வார்கள்?

ஓர் ஊரில் ஏதோ நோய் பரவுது என்று தகவல் வருகிறது. உடனே மருந்து தெளிக்கக் கிளம்பிவிட மாட்டார்கள். வரிசையாகச் சில வேலைகள் இருக்கின்றன.

1. உண்மையா என்று பார்ப்பது: வாட்ஸ்அப்பில் வந்த செய்தியா, நிஜமா? வழக்கமாக இந்த மாதத்தில் இந்த ஊரில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் வரும்? இப்போது அதைவிட அதிகமா? போன வருடக் கணக்கு கையில் இருந்தால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியும்.

2. யாரை எண்ணுவது என்று முடிவு செய்வது: 'இந்தத் தேதிக்குப் பிறகு, இந்தப் பகுதியில், இன்ன வயதுக்குள், இந்த அறிகுறிகள் இருப்பவர்' என்று ஒரு வரையறை எழுதிக்கொள்வார்கள். இது இல்லாவிட்டால் ஒருவர் எண்ணுவது ஒன்று, இன்னொருவர் எண்ணுவது வேறொன்று ஆகிவிடும்.

3. தேடிப் போய் எண்ணுவது: மருத்துவமனைக்கு வந்தவர்கள் மட்டும் நோயாளிகள் அல்ல. வீட்டிலேயே கஷாயம் குடித்துவிட்டுப் படுத்திருப்பவர், மெடிக்கலில் மாத்திரை வாங்கியவர் என எல்லோரையும் தேடணும். 2020-ல் சென்னையில் வீடு வீடாக வந்து 'காய்ச்சல் இருக்கா, சளி இருக்கா' என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனார்களே, நினைவிருக்கிறதா? அது இந்த வேலைதான்.

4. பட்டியல் போடுவது: ஒருவருக்கு ஒரு வரி. வயது, பாலினம், தெரு, வேலை, எந்தத் தேதியில் ஆரம்பித்தது, என்ன அறிகுறி, இப்போது எப்படி இருக்கிறார். பார்க்க ஹாஜர் ரெஜிஸ்டர் மாதிரி இருக்கும். ஆனால் பாதித் துப்பு இந்தப் பட்டியலில்தான் இருக்கும்.

5. யாருக்கு, எங்கே, எப்போது: பட்டியலை இந்த மூன்று கேள்விகளின்படி பிரிப்பார்கள். வீடுகளை வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். தேதிவாரியாக கிராஃப் போடுவார்கள். எண்ணிக்கை ஒரே நாளில் சட்டென்று ஏறி இறங்கினால், எல்லோரும் ஒரே இடத்தில் ஒரே உணவையோ தண்ணீரையோ உட்கொண்டிருக்கலாம். சில நாள் இடைவெளியில் அலை அலையாக ஏறினால், ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுகிறது என்று சந்தேகப்படலாம்.

6. ஒப்பிட்டுப் பார்ப்பது: நோய் வந்தவர்களிடம் கேட்ட அதே கேள்விகளை நோய் வராதவர்களிடமும் கேட்பார்கள். இதுதான் ரொம்ப முக்கியம்.

7. தடுப்பது, எழுதி வைப்பது: குழாயை மூடுவதா, தடுப்பூசி போடுவதா, பள்ளிக்கு விடுமுறையா என்று அரசுக்குச் சொல்வார்கள். பிறகு நடந்த அனைத்தையும் அறிக்கையாக எழுதுவார்கள்.

இந்த ஏழும் ஒன்று முடிந்த பிறகுதான் அடுத்தது என்று நடக்காது. பல நேரம் ஒரே நாளில் எல்லாம் சேர்ந்து ஓடும். காரணம் முழுசாகத் தெரியும் வரை தடுப்பு வேலை காத்திருக்கவும் செய்யாது.

நல்லா இருக்கிறவங்ககிட்ட ஏன் கேட்கணும்?

ஒரு உதாரணம் பார்ப்போம். ஒரு கல்யாண வீடு. 200 பேர் சாப்பிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று மாலைக்குள் 64 பேருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு.

உடம்பு சரியில்லாத 64 பேரிடம் மட்டும் போய் 'என்ன சாப்பிட்டீங்க?' என்று கேட்டால், 64 பேரும் 'சாம்பார்' என்பார்கள். உடனே சாம்பார்தான் காரணம், சமையல்காரரைப் பிடி என்று கிளம்பிவிடலாம்.

ஆனால் நல்லா இருக்கும் 136 பேரும் அதே சாம்பாரைத்தானே சாப்பிட்டார்கள்?

இப்போது 200 பேரிடமும் ஒவ்வொரு பதார்த்தமாகக் கேட்கிறோம். பால் பாயசம் சாப்பிட்டவர்கள் 120 பேர். அதில் 60 பேருக்கு வாந்தி, அதாவது 50 சதவீதம். பாயசம் சாப்பிடாதவர்கள் 80 பேர். அதில் வெறும் 4 பேருக்குத்தான் வாந்தி, அதாவது 5 சதவீதம். பாயசம் சாப்பிட்டவர்களுக்கு 10 மடங்கு அதிகம்!

இப்போது சந்தேகம் யார் மேல்? பாயசத்தின் மேல். மிச்சமிருக்கும் பாயசத்தைப் பரிசோதனைக்கு அனுப்பணும். பால் எங்கே வாங்கியது, எப்போது காய்ச்சியது, எத்தனை மணி நேரம் வெளியே இருந்தது, பரிமாறியவர் கையில் புண் இருந்ததா என்று விசாரிக்கணும்.

சரி, பாயசம் சாப்பிடாத அந்த 4 பேருக்கு ஏன் வந்தது? மறந்து போய் 'சாப்பிடலை' என்று சொல்லியிருக்கலாம். பக்கத்து இலையிலிருந்து ஒரு வாய் எடுத்திருக்கலாம். அல்லது வேறு காரணத்தால் வந்திருக்கலாம். மனிதர்களை வைத்துப் போடும் கணக்கில் இப்படிச் சில எண்கள் ஒட்டாமல் நிற்கும். அதையும் மறைக்காமல் அறிக்கையில் எழுதணும்.

முசாஃபர்பூரில் என்ன கண்டுபிடித்தார்கள்?

இதே முறையைத்தான் முசாஃபர்பூரிலும் பயன்படுத்தினார்கள். டெல்லியில் உள்ள தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும், அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சேர்ந்து 2013, 2014 கோடைக் காலங்களில் ஆய்வு செய்தன. களத்தில் இறங்கியவர்களில் இந்தியாவிலேயே பயிற்சி பெற்ற இளம் எபிடெமியாலஜிஸ்ட்டுகளும் இருந்தார்கள்.

முதலில் பட்டியல். 2014 மே 26 முதல் ஜூலை 17 வரை அங்குள்ள இரண்டு பெரிய மருத்துவமனைகளில் 390 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள். அதில் 122 பேர் இறந்தார்கள்.

பட்டியலிலிருந்தே சில துப்புகள் கிடைத்தன. பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். நோய் ஒரே கிராமத்தில் குவியாமல், இங்கே ஒன்று அங்கே ஒன்று எனச் சிதறி இருந்தது. தொற்று என்றால் பக்கத்திலிருப்பவர்களுக்கும் பரவியிருக்க வேண்டுமே? அடுத்த துப்பு, ரத்தத்தில் சர்க்கரை அளவு. பார்க்கப்பட்ட 327 குழந்தைகளில் 204 பேருக்கு, மருத்துவமனைக்கு வரும்போதே 70 மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவாக இருந்தது.

அடுத்தது ஒப்பீடு. நோய் வந்த 104 குழந்தைகள். அதே வயதில், வேறு காரணத்துக்காக மருத்துவமனைக்கு வந்த 104 குழந்தைகள். இரண்டு பக்கப் பெற்றோரிடமும் அதே கேள்விகள். கடந்த 24 மணி நேரத்தில் குழந்தை என்ன சாப்பிட்டது? தோட்டத்துக்குப் போனதா? ராத்திரி சாப்பாடு சாப்பிட்டதா?

கணக்குப் போட்டதில், லிச்சி சாப்பிட்டதற்கு 9.6 என்ற எண் வந்தது. ராத்திரி சாப்பாடு சாப்பிடாததற்கு 2.2. இந்த எண் 1 என்றால் தொடர்பு இல்லை என்று அர்த்தம். 1-ஐத் தாண்டி மேலே போகப் போக தொடர்பு வலுவாகிறது. லிச்சியும் சாப்பிட்டு, ராத்திரி வெறும் வயிற்றோடும் படுத்த குழந்தைகளுக்கு ஆபத்து இன்னும் கூடியது.

அப்புறம்தான் பரிசோதனைக் கூடத்தின் வேலை. லிச்சியில் ஹைப்போகிளைசின் ஏ, எம்.சி.பி.ஜி. என்ற இரண்டு நச்சுப் பொருட்கள் இயற்கையாகவே இருக்கின்றன. பழுக்காத காயில் இது அதிகம். நோய் வந்த 73 குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்ததில் 48 பேரிடம் இந்த நச்சின் தடயம் இருந்தது. நோய் வராத 15 குழந்தைகளின் சிறுநீரில் ஒருவரிடமும் இல்லை. ஆய்வு முடிவு 2017-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது.

இதில் தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வைரஸ் நிபுணர் டாக்டர் டி. ஜேக்கப் ஜான், இது வைரஸ் நோய் அல்ல, லிச்சி நச்சோடு தொடர்பு இருக்கலாம் என்று இன்னொரு குழுவோடு சேர்ந்து அதே காலகட்டத்தில் எழுதியவர்.

அப்போ லிச்சி சாப்பிடக்கூடாதா?

பயப்பட வேண்டாம். வயிறார சாப்பிடும் குழந்தைக்கு நாலு பழுத்த லிச்சியால் ஆபத்து இல்லை. பிரச்சினை இருந்த இடம் வேறு.

ராத்திரி தூங்கும்போது நம் உடம்பு, கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை எடுத்துச் செலவு செய்யும். அது தீர்ந்தால் கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும், புதிதாகச் சர்க்கரையும் தயாரிக்கும். ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைக்குச் சேமிப்பே கொஞ்சம்தான். பகலெல்லாம் தோட்டத்தில் கீழே விழுந்த லிச்சியைச் சாப்பிட்டு, ராத்திரி சோறு சாப்பிடாமல் தூங்கினால் விடியற்காலைக்குள் அந்தச் சேமிப்பு தீர்ந்துவிடும். மாற்று வழியை லிச்சி நச்சு அடைத்துவிடும். மூளைக்குச் சர்க்கரை கிடைக்காமல் வலிப்பு வரும்.

அதனால் ஆய்வுக் குழு சொன்ன பரிந்துரைகள் எளிமையானவை. குழந்தைகள் லிச்சி சாப்பிடுவதைக் குறையுங்கள். ராத்திரி கட்டாயம் சாப்பாடு கொடுங்கள். வலிப்போடு வரும் குழந்தைக்கு உடனே ரத்தச் சர்க்கரையைப் பார்த்து குளுக்கோஸ் ஏற்றுங்கள். சர்க்கரையைச் சீக்கிரம் சரி செய்யணும் என்பது 2013 ஆய்விலேயே சொல்லப்பட்டது. 2013-ல் 44 சதவீதமாக இருந்த இறப்பு விகிதம் 2014-ல் 31 சதவீதமாகக் குறைந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நோய் வருவதும் குறைந்தது.

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 2019 ஜூனில் முசாஃபர்பூரில் மறுபடியும் 100-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அந்த வருடம் கடும் வெயில். லிச்சி மட்டும்தான் காரணமா, வெயிலுக்கும் வறுமைக்கும் எவ்வளவு பங்கு என்ற விவாதம் மறுபடி எழுந்தது. ஆனால் ஒன்று தெளிவு. ராத்திரி சோறு கொடுங்கள் என்று சொல்வது எபிடெமியாலஜிஸ்ட்டின் வேலை. அந்தச் சோறு ஏழை வீட்டுத் தட்டில் இருப்பதை உறுதி செய்வது அரசின் வேலை. ஒவ்வொரு கோடைக்கும் முன்பு அந்த எச்சரிக்கையை வீடு வீடாகக் கொண்டுபோக வேண்டியதும் அரசுதான்.

நோய் இல்லாத நாளில் இவர்களுக்கு வேலை இருக்கா?

இருக்கு. சொல்லப்போனால் அதுதான் இவர்களின் தினசரி வேலை. 'நோய்க் கண்காணிப்பு' என்று சொல்வார்கள்.

இந்தியாவில் 2004-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. கிராம அளவில் சுகாதாரப் பணியாளர், ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர், பரிசோதனைக் கூடம் என மூன்று இடங்களிலிருந்தும் தகவல் வரும். முன்பு வாரத்துக்கு ஒருமுறை படிவத்தில் அனுப்புவார்கள். இப்போது ஐ.எச்.ஐ.பி. என்ற இணையதளத்தில் பதிவு செய்கிறார்கள். மாவட்ட அளவில் இந்தத் தகவல்களைப் பார்த்து, எங்கே எண்ணிக்கை வழக்கத்தைவிட ஏறுகிறது என்று கவனிப்பதுதான் மாவட்ட எபிடெமியாலஜிஸ்ட்டின் வேலை.

எண்ணிக்கை குறைந்தால் நல்ல செய்திதானே என்று கேட்கலாம். அவசரப்பட முடியாது. நோய் நிஜமாகவே குறைந்திருக்கலாம். பரிசோதனை குறைந்திருக்கலாம். தகவல் அனுப்ப வேண்டியவர் லீவில் இருக்கலாம். அதனால் 'எங்கள் பகுதியில் யாருக்கும் நோய் இல்லை' என்று பூஜ்ஜியம் போட்டு அனுப்புவதும் ஒரு தகவல்தான். காலியாக விட்ட கட்டமும் பூஜ்ஜியமும் ஒன்றல்ல.

இதற்குக் கொரோனா காலத்திலிருந்தே உதாரணம் சொல்லலாம். சென்னை அருகே அயப்பாக்கத்தில் இருக்கிறது ஐ.சி.எம்.ஆரின் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம். 2020 மே, ஜூனில் இந்த நிறுவனத்தின் ஒருங்கிணைப்பில், நாடு முழுவதும் 70 மாவட்டங்களில் 28,000 பேரிடம் ரத்த மாதிரி எடுத்து, கொரோனா வந்து போனதற்கான எதிர்ப்புப் பொருள் இருக்கிறதா என்று பார்த்தார்கள். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருவண்ணாமலை மாவட்டங்கள் இதில் இருந்தன.

முடிவு 0.73 சதவீதம். பார்க்கச் சின்ன எண். ஆனால் நாட்டின் வயது வந்தோர் எண்ணிக்கையோடு பெருக்கினால் சுமார் 64 லட்சம் பேர்! பரிசோதனையில் உறுதியான ஒவ்வொருவருக்கும், தெரியாமலே வந்து போனவர்கள் 80-க்கும் மேல் என்று கணக்கு சொன்னது. 2021 ஜூன், ஜூலையில் எடுத்த நான்காவது ஆய்வில் இது 67.6 சதவீதமாக உயர்ந்திருந்தது. தினமும் டிவியில் ஓடிய எண்ணிக்கை முழுக் கதை இல்லை என்று நமக்குத் தெரிந்தது இப்படித்தான்.

தொற்றுநோய் மட்டும்தானா?

இல்லை. சிகரெட் பிடித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் என்று இன்று பாக்கெட்டிலேயே படம் போட்டிருக்கிறார்கள். 1950-ல் பிரிட்டனில் ரிச்சர்ட் டால், பிராட்ஃபோர்டு ஹில் ஆகியோர் செய்த ஆய்வு இதற்கு முக்கியமான அடித்தளம். முறை, நாம் மேலே பார்த்த அதே முறைதான். புற்றுநோய் வந்தவர்களிடமும் வராதவர்களிடமும் ஒரே கேள்வி, பிறகு ஒப்பீடு.

சென்னையில் அடையாறு புற்றுநோய் நிறுவனம் 1980-களின் தொடக்கத்திலிருந்து நகரில் யாருக்கு என்ன புற்றுநோய் வருகிறது என்று பதிவேடு வைத்து வருகிறது. எந்தப் புற்றுநோய் கூடுகிறது, எது குறைகிறது, எதற்கு முன்கூட்டியே பரிசோதனை முகாம் தேவை என்று முடிவு செய்ய இந்த மாதிரிப் பதிவேடுகள்தான் அடிப்படை.

இந்த வேலையில் கஷ்டமே என்ன?

முழுசாகத் தெரியாமலே முடிவு எடுக்கணும். 1854-ல் லண்டனில் காலரா பரவியபோது டாக்டர் ஜான் ஸ்னோ, இறந்தவர்களின் வீடுகளை விசாரித்து, பிராட் தெரு அடிபம்பின் மேல் சந்தேகப்பட்டார். அவர் சொன்னதைக் கேட்டு பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். தண்ணீரில் இருந்தது எந்தக் கிருமி என்று அப்போது அவருக்குத் தெரியாது. காலரா கிருமியை ராபர்ட் கோக் உலகத்துக்கு அடையாளம் காட்டியது சுமார் 30 வருடம் கழித்துத்தான். கிருமி தெரியட்டும் என்று காத்திருந்தால்?

அடுத்த கஷ்டம், நேரம். 2018 மே மாதம் கேரளாவின் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் பரவியபோது, அது நிபாதான் என்று உறுதியாவதற்கு முன்பே முதல் நோயாளி இறந்துவிட்டார். அவர் எந்தெந்த மருத்துவமனைக்குப் போனார், எந்த வராந்தாவில் காத்திருந்தார், அந்த நேரத்தில் பக்கத்தில் யார் யார் இருந்தார்கள் என்று பின்னோக்கிப் போய் ஒவ்வொருவராகத் தேடினார்கள். கண்காணிப்பில் வைக்கப்பட்டவர்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பெரும்பாலானோருக்கு மருத்துவமனையில்தான் தொற்றியது என்பது இந்தத் தேடலில்தான் தெளிவானது. நோயாளியைக் கவனித்த செவிலியர் லினியும் உயிரிழந்தார். ஆனாலும் நோய் பெரிதாகப் பரவாமல் சில வாரங்களில் கட்டுக்குள் வந்தது.

மூன்றாவது கஷ்டம், மக்களின் பயம். 'எங்கள் வீட்டுக்கு நோட்டீஸ் ஒட்டிடுவாங்களோ, அக்கம்பக்கத்தில் பேசமாட்டாங்களோ' என்று பயந்து பலர் உண்மையை மறைக்கிறார்கள். கொரோனாவில் அதை நாம் கண்ணால் பார்த்தோம். நோயாளியின் பெயரும் விலாசமும் வெளியே கசியாமல் காப்பதும் எபிடெமியாலஜிஸ்ட்டின் கடமைதான். அது கசிந்தால் அடுத்த வீட்டில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

நாலாவது, எண்ணைக் குறைத்துக் காட்டச் சொல்லும் அழுத்தம். ஓர் ஊரில் காலரா என்றால் அது குடிநீரைப் பற்றிய புகார் மாதிரி ஆகிவிடும். அதனால் 'வயிற்றுப்போக்கு' என்று மட்டும் எழுதிவிடலாமே என்று யாருக்காவது தோன்றலாம். ஆனால் எண்ணாமல் விட்ட நோயைத் தடுக்க யாரும் பணம் ஒதுக்கமாட்டார்கள்.

எபிடெமியாலஜிஸ்ட் ஆக என்ன படிக்கணும்?

எம்.பி.பி.எஸ். முடித்து எம்.டி. சமூக மருத்துவம் படிப்பது ஒரு வழி. எம்.பி.எச். எனப்படும் பொது சுகாதார முதுகலைப் படிப்பு இன்னொரு வழி. அயப்பாக்கம் தேசிய தொற்றுநோயியல் நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இந்தத் துறைக்கான படிப்புகளும் பயிற்சிகளும் உண்டு. டாக்டர்களுக்கு டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில், 2012-ல் தொடங்கப்பட்ட 2 வருடக் களப் பயிற்சியும் இருக்கிறது. படிப்புக்குப் படிப்பு தகுதி மாறும் என்பதால் அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் மட்டும்தான் வரமுடியுமா? அப்படி இல்லை. புள்ளியியல் படித்தவர்கள், செவிலியர்கள், கால்நடை மருத்துவர்கள் எல்லோருக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. வெறிநாய்க்கடி, ஆந்த்ராக்ஸ் மாதிரி விலங்கிலிருந்து வரும் நோய்களுக்குக் கால்நடை மருத்துவர் இல்லாமல் ஆகாது.

கணக்கில் பயம் இருக்கக்கூடாது. கம்ப்யூட்டரில் தரவுகளைக் கையாளத் தெரியணும். எல்லாவற்றையும்விட, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசத் தெரியணும். குழந்தையை இழந்த ஒரு தாயிடம் 'நேற்று ராத்திரி என்ன சாப்பாடு கொடுத்தீங்க?' என்று, குற்றம் சாட்டுவது போலத் தோன்றாமல் கேட்கணும். எந்தப் புத்தகத்திலும் இதை முழுசாகக் கற்றுக்கொள்ள முடியாது.

உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால் என்ன செய்யணும்?

இந்த வேலையில் பாதி நம் கையில்தான் இருக்கிறது. சில விஷயங்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

* உங்கள் தெருவிலோ, பள்ளியிலோ, ஹாஸ்டலிலோ ஒரே நேரத்தில் பலருக்கு ஒரே மாதிரி உடம்பு சரியில்லை என்றால், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 என்ற இலவச எண்ணுக்கோ சொல்லுங்கள். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

* விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு பலருக்கு வாந்தி என்றால், மிச்சமிருக்கும் உணவை யாரும் சாப்பிட வேண்டாம். அதே நேரத்தில் உடனே கொட்டிவிடவும் வேண்டாம். மூடி, தனியாக எடுத்து வையுங்கள். பரிசோதனைக்கு அதுதான் சாட்சி.

* காய்ச்சல் எந்தத் தேதியில் ஆரம்பித்தது, அதற்கு முன்பு எங்கே போனீர்கள் என்பதைக் குறித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் யாருக்கும் சரியாக ஞாபகம் இருக்காது.

* சுகாதாரப் பணியாளர் வந்து கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். போன இடத்தை மறைப்பது, 'வீட்டில் யாருக்கும் ஒண்ணும் இல்லை' என்று அனுப்பிவிடுவது எல்லாம் கடைசியில் பக்கத்து வீட்டுக் குழந்தையைத்தான் பாதிக்கும்.

* உங்களுக்கு உடம்பு நன்றாக இருக்கும்போதும் கேட்பார்கள். 'எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்' என்று கதவைச் சாத்த வேண்டாம். ஒப்பிட்டுப் பார்க்க உங்கள் பதில்தான் தேவை.

முசாஃபர்பூரில் நோய் வராத அந்த 104 குழந்தைகளின் பெற்றோர், 'எங்கள் பிள்ளைக்கு இந்த நோய் இல்லையே, எங்களை ஏன் கேட்கிறீர்கள்?' என்று எழுந்து போயிருந்தால் கணக்கில் ஒரு பக்கமே இருந்திருக்காது. அவர்கள் பதில் சொன்னதால்தான் லிச்சிக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் உள்ள தொடர்பு வெளியே வந்தது. அடுத்த முறை உங்கள் தெருவில் யாராவது நோட்டும் பேனாவுமாக வந்து 'வீட்டில் யாருக்காவது காய்ச்சல் இருக்கா?' என்று கேட்டால், இரண்டு நிமிடம் நின்று பதில் சொல்லுங்கள்.